ஸ்பானிஷ் பேசும் கடற்கரை ஊரில் குடியேற்றம்: ஒரு குடும்பம் ஊரைத் தேர்ந்தெடுத்த விதம்

இந்தக் குடும்பத்தில் மூன்று பேர். மனைவிக்கு 41 வயது. ஐரோப்பாவில் இருக்கும் இரண்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் சோதனை வேலையை ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்தே செய்து தருகிறார். கணவருக்கு 46. படம் வரைபவர், ஒரு மாதம் பணம் வரும், இரண்டு மாதம் வராது. மகளுக்கு 9. மூவருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை கிடையாது. கடல் பக்கத்தில், குளிர் அதிகம் இல்லாத ஓர் ஊரில், ஸ்பானிஷ் பேசும் நாட்டில் போய்க் குடியிருக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. மொழியை முதலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் போர்ச்சுகல், தாய்லாந்து எல்லாம் பேச்சிலேயே வரவில்லை.

அவர்கள் ஊரை முடிவு செய்த விதத்தை ஆரம்பத்திலிருந்தே கூட இருந்து பார்த்தேன். கணக்குப் போடுவதிலும் சட்டங்களைப் படிப்பதிலும் கொஞ்சம் உதவினேன். அடையாளம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். இதை எழுதக் காரணம், பட்டியலில் இருந்த ஊர்களில் பெரும்பாலானவை கடலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களால் அடிபட்டுப் போனதுதான்.

வருடக்கணக்கில் படம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல் அது. மெக்ஸிகோவில் பிளாயா தெல் கார்மென், புவெர்ட்டோ வயார்த்தா. கோஸ்டா ரிகாவில் தமரிந்தோ. பனாமாவில் கொரொனாதோ. ஈக்வடாரில் மாந்தா. டொமினிக்கன் குடியரசில் லாஸ் தெரெனாஸ். ஸ்பெயினில் மாலகா, அலிகாந்தே, லாஸ் பால்மாஸ். உருகுவேயின் புந்தா தெல் எஸ்தேயைக் கணவர் சேர்த்திருந்தார். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், அப்போது ஊரே காலியாகிவிடும் என்று தெரிந்ததும் அவரே அடித்துவிட்டார்.

பணம் எந்த வடிவத்தில் வருகிறது?

முதல் நாள் பேச்சு முழுவதும் கரையைப் பற்றித்தான். மணல் வெள்ளையா, அலை பெரிதா, மீன் கிடைக்குமா. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: உங்கள் பணம் பென்ஷனா, சேமிப்பா, சம்பளமா, ஒப்பந்த வேலையா? எந்த நாடு உங்களை உள்ளே விடும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. எவ்வளவு வருகிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பனாமாவின் பென்ஷனர் விசா உலகம் முழுக்கப் பேசப்படுவது. மாதம் 1,000 டாலர் ஆயுள் பென்ஷன் காட்டினால் போதும். கோஸ்டா ரிகாவிலும் பென்ஷனருக்கு அதே 1,000 டாலர்தான். டொமினிக்கன் குடியரசில் 1,500. தொகையைப் பார்த்தால் இந்தப் பெண்மணியின் வருமானம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் அது பென்ஷன் இல்லை. அவ்வளவுதான், அந்தக் கதவு மூடியது. ஸ்பெயினின் வேலை செய்யாதோர் விசாவிலும் இதே சிக்கல், வேறு ரூபத்தில். வருமான வரம்புகளுக்கு அளவாக அந்த நாட்டு அரசு வைத்திருக்கும் இப்ரெம் என்ற குறியீட்டுத் தொகையின் நான்கு மடங்கு, அதாவது 2025 கணக்கில் மாதம் 2,400 யூரோ, கூட வரும் ஒவ்வொருவருக்கும் 600 யூரோ காட்ட வேண்டும். காட்டிவிடலாம். ஆனால் வேலை செய்யக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் செய்வதும் வேலைதான் என்றே தூதரகங்கள் பார்க்கின்றன.

மிஞ்சியது தொலைதூர வேலைக்காரர்களுக்கான விசா. கோஸ்டா ரிகா 2021-ல் இதற்கென்று சட்டம் போட்டது. தனியாள் என்றால் மாதம் 3,000 டாலர், குடும்பம் என்றால் 4,000. வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரி இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருடம், நீட்டித்தால் இன்னொரு வருடம். அது தங்கல் அனுமதி மட்டுமே, நிரந்தர வசிப்புரிமைக்குக் கணக்கில் சேராது. ஒன்பது வயதுப் பெண்ணைப் பள்ளியில் சேர்த்து, மொழி பழகி, தோழிகள் கிடைத்த நேரத்தில் மூட்டை கட்ட வேண்டும். குழந்தை இல்லாத ஜோடிக்கு இது அருமையான ஏற்பாடு. இவர்களுக்கு இல்லை.

ஸ்பெயினின் விசா 2022 டிசம்பரில் நிறைவேறிய ஸ்டார்ட்அப் சட்டத்தில் வந்தது. குறைந்தபட்ச ஊதியத்தின் இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். துணைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 75 சதவீதம், குழந்தைக்கு 25 சதவீதம் கூட. மூன்று பேருக்குக் கூட்டினால் சரியாக மூன்று மடங்கு வருகிறது. 2025-ல் குறைந்தபட்ச ஊதியம் 1,184 யூரோ, வருடத்துக்கு 14 தவணை. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் இவர்களுக்கு மாதம் ஏறக்குறைய 4,144 யூரோ. மனைவியின் வருமானம் மட்டுமே அதைக் கொஞ்சம் தாண்டியது. கணவரின் பணம் ஒழுங்கில்லாமல் வருவதால் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் குறைந்தது ஒரு வருடமாக நடந்துகொண்டிருக்க வேண்டும், அதனோடு மூன்று மாதத் தொடர்பாவது இருக்க வேண்டும், பட்டமோ மூன்று வருட அனுபவமோ வேண்டும். எல்லாம் இருந்தது. முக்கியமானது, இந்த வருடங்கள் ஐந்து வருட நீண்டகால வசிப்புரிமைக்குக் கணக்கில் வரும்.

வீடு வாங்கினால் விசா என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 5 லட்சம் யூரோ போட்டுப் பெறும் அந்தத் திட்டத்தை ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடிவிட்டது.

மெக்ஸிகோ மட்டும் ஸ்பெயினோடு போட்டியில் நின்றது. வருமானமோ சேமிப்போ காட்டித் தற்காலிக வசிப்புரிமை வாங்கலாம். முதலில் ஒரு வருடம், பிறகு மூன்று வருடம், அதன்பின் நிரந்தரம். தேவைப்படும் தொகை தூதரகத்துக்குத் தூதரகம் கொஞ்சம் மாறும். கணவரின் மனம் முழுக்க அங்கேதான். வீட்டையே வாங்கிவிடலாம் என்றார். அங்கே அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவு குறுக்கே வருகிறது. கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வைத்திருக்க முடியாது. வங்கி வழியாக 50 வருட அறக்கட்டளை வைத்து, அதன் பயனாளியாக இருக்கலாம். மோசடி ஒன்றும் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் வருடா வருடம் வங்கிக்குக் கட்டணம் உண்டு. ஸ்பெயினிலும் கரையோர வீடு நிம்மதியான சொத்து இல்லை: 1988-ன் கடற்கரைச் சட்டப்படி கரை பொதுச் சொத்து, அந்தக் கோட்டுக்குள் சிக்கிய வீட்டுக்காரர்கள் உரிமையாளர் நிலையிலிருந்து அனுமதி பெற்றுக் குடியிருப்பவர்களாக இறங்கிப்போனார்கள். எங்கே போனாலும் கரையில் முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இதில் நான் பிடிவாதக்காரன்.

மற்றவை சீக்கிரம் கழிந்தன. ஈக்வடாரில் டாலர்தான் பணம், செலவும் குறைவு. ஆனால் 2024 ஜனவரியில் அரசே உள்நாட்டு ஆயுத மோதல் என்று அறிவித்த பிறகு, குழந்தையோடு கடலோர மாகாணத்துக்குப் போக யாருக்கும் துணிவு வரவில்லை. லாஸ் தெரெனாஸில் மின்வெட்டு. இணையவழிக் கூட்டத்தின் பாதியில் தொடர்பு துண்டிக்கப்பட்டால் மனைவியின் வேலைக்கு ஆகாது.

கடிகாரம்

வாடிக்கையாளர்கள் இருவரும் ஜெர்மன் நேரத்தில் இயங்குபவர்கள். அவர்கள் காலை 9 மணிக்கு உட்காரும்போது பிளாயா தெல் கார்மெனில், கோடையில், அதிகாலை 2 மணி. மனைவி அவர்களிடமே பேசிப் பார்த்தார். பிற்பகல் 1 முதல் 5 வரை கூட இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். அது கரீபியன் கரையில் காலை 6 முதல் 10. சமாளிக்கலாம், பத்து மணிக்கு மேல் நாள் முழுக்கக் கையில் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தோஷமும்கூட. ஆனால் காலை 6 முதல் 10 என்பது பிள்ளையை எழுப்பி, சாப்பிட வைத்து, பள்ளிக்கு அனுப்பும் நேரமும்தான். அந்தப் பொறுப்பு முழுவதும் கணவர் தலையில் விழும். அவர் சரி என்றார். எத்தனை வருடத்துக்குச் சரி என்பார் என்று மனைவி கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மோசமான மாதத்தில் போய்ப் பார்த்தது

விசாவும் கடிகாரமும் சலித்த பிறகு நின்றவை மூன்று: பிளாயா தெல் கார்மென், மாலகா, லாஸ் பால்மாஸ். அலிகாந்தேயில் வலென்சிய மொழியும் ஆட்சி மொழி, பள்ளியிலும் உண்டு. ஒரு புது மொழியே போதும் என்று அதை விட்டார்கள். என் யோசனை, ஒவ்வோர் ஊரையும் அதன் மோசமான மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது. நல்ல மாதத்தில் எல்லாக் கடற்கரையும் நல்ல கடற்கரைதான்.

பிளாயா தெல் கார்மெனுக்கு ஜூலையில் போனார்கள். சர்காஸம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011-லிருந்து அட்லாண்டிக் முழுக்கப் பெருகி, வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை கரீபியன் கரைகளில் குவிகிறது. விடிவதற்குள் ஆட்கள் முள்கரண்டி போன்ற நீளக் கம்பிகளாலும் தள்ளுவண்டிகளாலும் அள்ளத் தொடங்குகிறார்கள். ஒன்பது மணிக்கு ஒரு பகுதி சுத்தமாகும். பதினொரு மணிக்கு அடுத்த பாய் விரித்தாற்போல் வந்து நிற்கும். அள்ளாமல் கிடந்தது அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை வாடை. தங்கியிருந்த வீடு கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. ஜன்னலைச் சாத்தியும் வாடை வந்தது. கணவருக்கு ஆஸ்துமா உண்டு. பட்டியல் போட்டபோது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் இரவு அவர் இன்ஹேலரை இரண்டு முறை தேடினார். எதிரே இருக்கும் கொசுமெல் தீவின் மேற்குக் கரைக்கு இந்தப் பாசி அவ்வளவாக வருவதில்லை. படகில் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே குடியேறலாமா என்றுகூட ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். அப்புறம் புயல் பேச்சு வந்தது. 2023 அக்டோபரில் பசிபிக் பக்கம் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்து ஒரே நாளுக்குள் ஐந்தாம் வகைச் சூறாவளியாக மாறியது. அவ்வளவு குறைந்த அவகாசத்தில் ஒரு தீவிலிருந்து குழந்தையோடு கிளம்ப முடியுமா என்று யோசித்தபோது கொசுமெல்லும் போயிற்று.

மாலகாவுக்கு ஜனவரியில். வெளியே நல்ல வெயில், சட்டையோடு நடக்கலாம். உள்ளே பல் கிட்டித்தது. தெற்கு ஸ்பெயினின் பழைய அடுக்குமாடிகள் வெயிலைத் துரத்தக் கட்டப்பட்டவை: தரையில் ஓடு, சுவரில் காப்பு இல்லை, மைய வெப்பமூட்டல் இல்லை. வடக்குப் பார்த்த வீட்டில் மகள் பகலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தாள். இது சமாளிக்கக்கூடிய குறைதான். தெற்குப் பார்த்த வீடு எடுத்தால் பாதி தீரும். மாலகாவைக் கவிழ்த்தது வாடகை ஒப்பந்தம். பார்த்த வீடுகளில் பலவற்றுக்குச் செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் ஒப்பந்தம். ஜூலை, ஆகஸ்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவார்கள், அப்போது நீங்கள் வேறெங்காவது போக வேண்டும்.

கடற்கரை ஊருக்கு வரும் யாரும் இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். ஸ்பெயினின் 1994 வாடகைச் சட்டம் இரண்டு வகை ஒப்பந்தங்களைப் பிரிக்கிறது. நிரந்தரக் குடியிருப்புக்கு என்றால், வீட்டுக்காரர் தனிநபராக இருக்கும்பட்சத்தில், வாடகைதாரர் விரும்பினால் ஐந்து வருடம் வரை நீளும்; நிறுவனமானால் ஏழு. பருவகால ஒப்பந்தம் என்றால் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை, முன்பணமும் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம். கரையில் பலர் இரண்டாவதைத்தான் நீட்டுவார்கள். அதோடு பத்ரோன் பதிவு செய்யக் கூடாது என்று வாய்மொழியாக ஒரு நிபந்தனையும் வரும். பத்ரோன் என்பது நகராட்சியில் இந்த முகவரியில் இருக்கிறேன் என்று பதிவது. அது இல்லாவிட்டால் வட்டாரப் பள்ளியில் இடம் கேட்பதும் பொது மருத்துவ அட்டை வாங்குவதும் இழுபறி. எனவே வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்னால் பத்ரோன் போட விடுவீர்களா என்று கேளுங்கள். வீட்டுக்காரர் முகம் மாறினால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

லாஸ் பால்மாஸுக்குப் பிப்ரவரியில். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே இருக்கும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில், கிரான் கனேரியா தீவின் தலைநகரம். பெரிய துறைமுகம் உள்ள, உழைத்துப் பிழைக்கும் நகரம். சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் தீவின் தெற்கே மஸ்பலோமாஸ் பக்கம் போய்விடுகிறது. லாஸ் காந்தெராஸ் கடற்கரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், நகரத்துக்குள்ளேயே. கரைக்கு எதிரே லா பார்ரா என்ற இயற்கைப் பாறை வரிசை அலையைத் தடுக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் உள்ளே குளம் மாதிரி இருக்கும், குழந்தைகள் நீந்தலாம். பாறை இல்லாத தென்கோடியில் அலைச்சறுக்குக்காரர்கள். அலுவலகம் விட்டு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். குளிர்காலம், கோடை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜெர்மனியைவிட ஒரு மணி நேரம்தான் பின்னால். பள்ளியில் ஸ்பானிஷ் மட்டுமே. விற்பனை வரி தலைநிலத்தில், அதாவது ஐரோப்பாவில் இருக்கும் ஸ்பெயினில், 21 சதவீதம், இங்கே 7.

குறைகளையும் அப்போதே பார்த்தார்கள். போய் ஐந்தாறு நாளில் கலிமா வந்தது. சஹாராவிலிருந்து கிழக்குக் காற்றில் வரும் தூசி. காலையில் வெளிச்சமே மஞ்சளாக இருந்தது. பால்கனியில் காயப்போட்ட துணியை உதறினால் மாவு மாதிரி கொட்டியது. 2020 பிப்ரவரியில் இது விமான நிலையங்களையே மூட வைத்திருக்கிறது. கணவரின் ஆஸ்துமாவை நினைத்து ஊரையே விட்டுவிடலாமா என்று யோசித்தார்கள். ஒரு வித்தியாசம்தான் தீர்மானித்தது: கலிமா முன்னறிவிப்போடு வந்து சில நாளில் போகும், கதவைச் சாத்தி இருந்துகொள்ளலாம்; சர்காஸம் மாதக்கணக்கில் நிற்கும். ஜூலையில் இந்த நகரத்தின் மீது அசையாமல் மேகம் கவிந்திருக்கும் என்றும் அக்கம்பக்கத்தார் எச்சரித்தார்கள். வெயிலுக்காக வந்து ஜூலையில் ஏமாறுகிறவர்கள் நிறைய. தலைநிலத்திலிருந்து பொருள் வரவழைத்தால் சுங்கக் காகிதம் வேறு, ஏனென்றால் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரிப் பரப்புக்கு வெளியே இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் கேனரித் தீவுகள் முழுக்கப் பல்லாயிரம் பேர் சுற்றுலாப் பெருக்கத்தையும் வீட்டு நெருக்கடியையும் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தோடு வருகிறவர்கள் வாடகையை ஏற்றுகிறார்கள் என்ற கோபத்தில் உண்மை இருக்கிறது. இந்தக் குடும்பமும் அந்தக் கணக்கில் வருவதுதான். ஊர்க்காரர்களோடு அவர்கள் மொழியில் பேசுவதும், ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதும் கொஞ்சம் உதவும். முழுக்கச் சரியாகிவிடாது.

குடியேறிய பிறகு

2025-ல் லாஸ் பால்மாஸுக்கே வந்தார்கள். தூதரகத்தில் விண்ணப்பித்தால் முதலில் ஒரு வருட விசா. ஸ்பெயினுக்குள் சட்டப்படி வந்து உள்ளிருந்தே விண்ணப்பித்தால் நேராக மூன்று வருட அனுமதி. இரண்டாவதையே எடுத்தார்கள். குற்றப் பின்னணிச் சான்றிதழ், அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிஷ் பிரதி எல்லாம் கையில் தயாராக இருந்ததால் முடிவு வேகமாக வந்தது. அடையாள அட்டைக்குக் கைரேகை கொடுக்க நேரம் வாங்குவதுதான் இழுத்தது. இணையத்தில் திறக்கிற சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும்.

முதல் வீடு குவானார்த்தெமேயில், லாஸ் காந்தெராஸிலிருந்து நடக்கும் தூரம். அவசரத்தில் பருவகால ஒப்பந்தம். எதிர்பார்த்தபடியே பத்ரோனுக்கு மறுப்பு. அதைத் தெரிந்தே எடுத்தார்கள், அங்கே இருந்துகொண்டு வேறு வீடு தேடினார்கள். வெளிநாட்டு வருமானத்தை நம்ப மறுத்து, பல மாத வாடகையை முன்கூட்டியே கேட்டவர்கள் உண்டு. கடைசியில் மேட்டு நகரத்தில் ஷாமன் பகுதியில், நிரந்தரக் குடியிருப்பு ஒப்பந்தத்தோடு ஒரு வீடு கிடைத்தது. கடல் தெரியாது. பேருந்தில் இறங்கிப் போக வேண்டும். பத்ரோன் அந்த வாரமே ஆனது, பின்னாலேயே பள்ளியும். பொதுப் பள்ளிகளுக்கான விண்ணப்பக் காலம் வசந்தத்திலேயே முடிந்திருந்ததால் மிச்சமிருந்த இடங்களில்தான் சேர்த்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளி கிடைக்கவில்லை.

மனைவி சுயதொழில் செய்பவராகப் பதிந்தார். முதல் வருடம் சமூகக் காப்புக்கு மாதம் 80 யூரோ சலுகைக் கட்டணம். அதன் வழியே பொது மருத்துவம். வருமான வரி 24 சதவீதத்தோடு நிற்கும் சிறப்புத் திட்டத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் சம்பள ஊழியர்களுக்குத்தான் பொருந்துகிறது. இவருக்குச் சாதாரண ஏறுமுக வரிதான். வருடத்தில் 183 நாளைத் தாண்டித் தங்கினால் உலக வருமானம் முழுக்க அங்கே கணக்குக்கு வரும். வெளிநாட்டில் வங்கிப் பணமோ முதலீடோ வீடோ, ஒவ்வொரு வகையிலும் 50,000 யூரோவைத் தாண்டினால் அதைத் தனிப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். இந்த வரிச் செலவை ஆரம்பக் கணக்கில் நாங்கள் சேர்த்திருந்தோம், அதனால் அதிர்ச்சி இல்லை. சேர்க்காமல் வருகிறவர்கள் இரண்டாம் வருடம் திண்டாடுகிறார்கள்.

இப்போது அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பது புதுப்பித்தலைப் பற்றி. மூன்று வருடம் முடியும்போது வருமான வரம்பை மறுபடி காட்ட வேண்டும், குறைந்தபட்ச ஊதியம் ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் விலகினால் மனைவியின் வருமானம் மட்டும் எட்டாது. ஸ்பெயின் நிறுவனங்களிடமிருந்து அவர் வாங்கும் வேலை மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. ஆனால் துணையாக வந்தவருக்கு அந்த வரம்பு கிடையாது, ஸ்பெயினுக்குள் எந்த வேலையும் செய்யலாம். விண்ணப்பிக்கிற பலர் கவனிக்காத சலுகை இது. கணவர் இப்போது ஊரிலேயே ஒரு அச்சகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் படம் வரைந்து கொடுக்கிறார், மாதாமாதம் ரசீதோடு.